மாட்டுக்கொட்டிலில் பிறந்த பொம்மைப் படங்கள்

கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளது போலத் தோன்றி நம்மை மயக்கும் என்பதை வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தில் உவமையாக எடுத்தாண்டிருப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். பாவையை ஆட்டிவைக்கும் கலை நமக்கு அவ்வளவு பழையது. ஆனால் கயிறும் இல்லாமல், கோலும் இல்லாமல், ஆட்டுவிப்பவன் கையும் தெரியாமல் ஒரு பாவை தானாகவே நடக்கவும், திரும்பிப் பார்க்கவும், தலையசைக்கவும் கூடுமாயின் அஃது எவ்வாறு நிகழ்கிறது? இக்கேள்விக்கு விடை கூறுவதோடு, அம்முறையைக் கொண்டு குழந்தைகளுக்கென்றே படமெடுத்த ஒரு சிறு நிலையத்தின் வரலாற்றையும் ஈண்டுக் கூற விரும்புகின்றோம். இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில், கான்டர்பரி நகருக்கு அருகில் பிளீன் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே பயன்படாது கிடந்த ஒரு மாட்டுக்கொட்டிலே அந்நிலையத்தின் படப்பிடிப்புக் கூடம். நிலையத்தின் பெயரும் பொருத்தமானதே: ஸ்மால் பிலிம்ஸ், அஃதாவது சிறு படங்கள்.

முதலில் முறையைப் பார்ப்போம். திரையில் நாம் காணும் அசைவு உண்மையில் அசைவன்று. பிரேம் எனப்படும் ஒற்றைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவில் கண்முன் ஓடுவதால் உண்டாகும் தோற்றமே அது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு நொடிக்கு 25 படங்கள் ஓடும். பொம்மைப் படமெடுப்பவர் பொம்மையை ஓர் இடத்தில் நிறுத்தி, ஒரு படம் பிடிக்கிறார். பிறகு அதன் காலை மயிரிழை அளவு நகர்த்தி, விலகி நின்று, மீண்டும் ஒரு படம் பிடிக்கிறார். இப்படியே தொடர்ந்து செய்தால், பொம்மை ஓர் அடி எடுத்துவைத்து முடிப்பதற்குள் மனிதர் முதுகு ஒடிந்துவிடும். 10 நிமிடக் கதை ஒன்றுக்கு 15,000 பிரேம்கள் வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் இரண்டு மூன்று பிரேம்கள் சேர்த்து எடுத்துக்கொண்டாலும், பொம்மையைத் தொட்டு நகர்த்தும் வேலை ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். நிறுத்தி நிறுத்திப் பிடிப்பதால் இதனை ஸ்டாப் மோஷன் என்று அழைக்கின்றனர்.

இம்முறை ஸ்மால் பிலிம்ஸ் கண்டுபிடித்ததன்று. ரஷ்யப் பேரரசில் ஸ்டாரெவிச் என்பவர் உலர்ந்த பூச்சிகளின் உடல்களையே பொம்மைகளாக்கி 1912ஆம் ஆண்டிலேயே நகைச்சுவைப் படம் எடுத்திருக்கிறார். செக் நாட்டின் பிராகா நகரில் யீரி திரன்கா என்னும் ஓவியர் இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் பொம்மைப் படத்தை ஓர் உயர்ந்த கலையாகவே வளர்த்தெடுத்தார். அவர்களோடு ஒப்பிட்டால் நம் மாட்டுக்கொட்டிலார் தொழில்நுட்பத்தில் எளியவர்களே. ஆயினும் ஒரு தலைமுறை ஆங்கிலேயக் குழந்தைகளின் நெஞ்சில் அவர்கள் பெற்ற இடத்தை வேறு யாரும் பெற்றார்கள் என்று சொல்வதற்கில்லை. இதற்குக் காரணம் யாது என்பதே நம் ஆராய்ச்சி.

அவ்விருவரில் ஒருவர் ஆலிவர் போஸ்ட்கேட். 1925ஆம் ஆண்டு பிறந்தவர். தொழிற்கட்சித் தலைவராக விளங்கிய ஜார்ஜ் லான்ஸ்பரியின் மகள் வயிற்றுப் பேரர். இரண்டாம் உலகப்போரின்போது, மனச்சான்று இடங்கொடாமையால் போர்ப்பணி ஏற்க மறுத்துச் சிறை சென்றவர். மற்றவர் பீட்டர் பர்மின், 1928ஆம் ஆண்டு பிறந்தவர், ஓவியர், இலண்டனில் ஒரு கலைக்கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். போஸ்ட்கேட் கதை எழுதுவார், படம் பிடிப்பார், குரல் கொடுப்பார். பர்மின் ஓவியம் தீட்டுவார், பொம்மை செய்வார். பர்மினின் மனைவி ஜோன் பின்னல் வேலையில் வல்லவர். ஏறக்குறைய இவ்வளவே அந்நிலையத்தின் பணியாளர் பட்டியல்.

போஸ்ட்கேட் 1957ஆம் ஆண்டு ஒரு வணிகத் தொலைக்காட்சி நிலையத்தில் மேடை நிர்வாகியாகச் சேர்ந்தார். அங்கே குழந்தைகளுக்குக் காட்டப்பட்ட நிகழ்ச்சிகளைக் கண்டு, இதைவிட நன்றாக நம்மால் எழுத முடியும் என்று எண்ணினார். எண்ணியவர் எழுதியும் காட்டினார். அரசனாகப் பிறந்த ஓர் எலியின் கதை அது. பர்மின் தீட்டிய பின்னணிப் படத்தின்மேல் சிறு உருவங்களை வைத்துக் காந்தத்தால் நகர்த்தினர். இதில் பெருந்தொல்லை என்னவெனில், நிகழ்ச்சி படச்சுருளில் எடுக்கப்படாமல் நேராகவே ஒளிபரப்பாயிற்று. காந்தம் பிடி விட்டால் நாடறியப் பிடி விட்டதுதான்! இவ்வாறு ஏறக்குறைய 26 நிகழ்ச்சிகளை நடத்தி முடித்தபின், இனிப் படச்சுருளே கதி என்று போஸ்ட்கேட் முடிவு செய்தார். நிகழ்ச்சி ஒன்றுக்கு 175 பவுன் என்று பேசி, தம் படுக்கையறையிலேயே ஒரு படப்பிடிப்பு மேசையை அமைத்துக்கொண்டார். செவிப்புலன் இல்லாத குழந்தைகளுக்காக ஒரு சீனக் கதையை எடுத்தார். ஒலி வேண்டாத படமாகையால் செலவு குறைவு. பின்னணி தீட்டச் சீன மரபில் பயின்ற ஓர் ஓவியரை அமர்த்தினார். அவரோ தம் மரபின்படி காட்சிகளைச் சாய்கோணத்தில் தீட்டிவிட்டார். அதன்மீது பர்மினின் நேர்கோண உருவங்களை வைத்தபோது எல்லோருக்கும் ஒரு கால் குட்டையாயிருப்பதுபோல் தோன்றிற்றாம். இருந்தும் படம் வெற்றியடைந்தது. அவ்வெற்றியை முதலாகக் கொண்டே 1959ஆம் ஆண்டு ஸ்மால் பிலிம்ஸ் தோன்றிற்று.

முதலில் வந்தவை பொம்மைப் படங்களல்ல, அட்டைப் படங்கள். அட்டையில் வரைந்து வெட்டிய உருவங்களைக் காமிராவின் கீழே கிடத்தி, சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்தவை. அவற்றுள் ஒன்று 'ஐவர்' என்னும் இரயில் எஞ்சினின் கதை. (பெயரைக் கண்டு பாண்டவர் நினைவு வரவேண்டா, எஞ்சின் ஒன்றே.) வேல்ஸ் நாட்டு மலைப்பகுதியில் ஓடும் அவ்வெஞ்சினுக்குச் சேர்ந்திசைக் குழுவில் பாடவேண்டும் என்று ஆசை. ஆசை நிறைவேறுகிறது, ஊதுகுழலுக்கு மாற்றாக இசைக்கருவியின் குழாய்களைப் பொருத்திக்கொண்டு அது பாடுகிறது. எஞ்சின் புகை கக்கி ஓடும் ஒலியைப் போஸ்ட்கேட் தம் வாயாலேயே எழுப்பினார். கேட்பவருக்கு அது வாயொலி என்று நன்றாகத் தெரியும், தெரிந்தே மகிழ்வர். நம் வீடுகளில் தாத்தா பேரனை மடியில் வைத்துக்கொண்டு 'குப்பு குப்பு' என்று இரயில் விடுவதில்லையா? அந்த இரயிலேதான் இது.

இன்னொன்று வடபுலத்து இளவரசன் நாகினின் கதை. ஸ்காத்லாந்தை அடுத்த லூயிஸ் தீவில் 1831ஆம் ஆண்டு கிடைத்த பழைய சதுரங்கக் காய்கள், பெரும்பாலும் கடற்குதிரை எனப்படும் வால்ரசின் தந்தத்தால் செதுக்கப்பட்டவை, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. விழிகளை உருட்டிக்கொண்டு கவலையோடு அமர்ந்திருக்கும் அவ்வரசர்களைக் கண்ட பர்மின், இவர்கள் கொடியவர்கள் அல்லர், நல்லவர்களே என்று எண்ணினாராம். அவ்வெண்ணத்திலிருந்து ஒரு கதைநாடே பிறந்தது. பி.பி.சி. அதனை 1959ஆம் ஆண்டு தொடங்கி ஒளிபரப்பிற்று.

இங்கே அவர்களின் வேலைத்திறத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். காமிராவை ஒவ்வொரு பிரேமாக இயக்குவதற்குப் போஸ்ட்கேட் ஒரு சிறு பொறியைத் தாமே செய்து வைத்திருந்தார். சிறுவர் விளையாடும் மெக்கானோத் துண்டுகளும் அதில் சேர்ந்திருந்தன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 நிமிடப் படம் எடுத்துவிடுவார். முறையான நிலையங்கள் எடுக்கும் அளவைப்போல் இது 10 மடங்கு என்று அவர் கணக்குச் சொல்வார். எப்படி முடிந்தது? அசைவு குறைவு, அதுதான் இரகசியம். அவர்களின் உருவங்கள் ஓயாமல் துள்ளிக் குதிப்பதில்லை. பெரும்பாலும் சும்மா நிற்கும்; தலையை மட்டும் திருப்பும்; அவ்வளவே. மிச்சம் உள்ள சுமை முழுவதும் சொல்லின்மேல் விழுந்தது. கதை கூறும் குரல்தான் படத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பணம் நிரம்ப இருந்திருப்பின் அசைவைக் கூட்டியிருப்பார்கள், சொல் மெலிந்திருக்கும் என்பது எம் கருத்து. தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னிருக்கும் ஒருவரே இராமனாகவும் இராவணனாகவும் உச்சிக்குடும்பனாகவும் மாறி மாறிப் பேசுவதுபோல், இங்கும் பல படங்களில் பெரும்பாலான பாத்திரங்களுக்கும் போஸ்ட்கேட்டின் குரலே குரல். அக்குரலில் விரைவில்லை. குழந்தை என்பதற்காகக் கொஞ்சிப் பேசும் போலிக் குழைவும் இல்லை. ஒரு பெரியவர் இன்னொரு பெரியவருக்குச் செய்தி சொல்வதுபோல் இருக்கும்.

முழு உருவப் பொம்மைகளுக்கு அவர்கள் மாறியது 1961ஆம் ஆண்டளவில். பின்னல் பென்குயின்கள் ஒரு பண்ணையில் வாழ்வதாக எடுத்த தொடரை அடுத்து, 1965ஆம் ஆண்டு 'போகிள்' என்னும் குட்டி மனிதர்களின் கதை வந்தது. மரத்தடி வேரில் குடியிருக்கும் கிழவனும் கிழவியும், அவர்களை அச்சுறுத்தும் ஒரு சூனியக்காரியும் அதில் வருவர். சூனியக்காரி சிறு குழந்தைகளுக்கு மிகவும் அச்சமூட்டுகிறாள் என்று பி.பி.சி. கருதிற்று. குடும்பம் இருக்கட்டும், சூனியக்காரி வேண்டா என்னும் ஏற்பாட்டோடு அடுத்த தொடர்கள் வந்தன. அவை இனிமையானவையே. ஆனால் பொல்லாங்கு வெளியேறியதும் கதையும் சிறிது இளைத்துவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில், 1984ஆம் ஆண்டு, இந்தியாவில் வளர்ந்த ஆங்கில எழுத்தாளர் ரூமர் காடனின் பொம்மைவீட்டுக் கதையைப் படமாக்கியபோது, தீயில் ஒரு பொம்மை எரிந்து மாள்வதை அவர்கள் மறைக்காமல் காட்டினர். குழந்தைக்குத் துயரத்தைக் காட்டலாமா என்னும் வழக்கு நம் பாடநூல் எழுதுவோரிடையேயும் தீராத வழக்கு அன்றோ!

1969ஆம் ஆண்டு மனிதன் நிலவில் கால் வைத்தான். அவ்வாண்டு நவம்பர் மாதம் பி.பி.சி.யில் 'கிளாங்கர்கள்' வந்தனர். நாகின் கதைநூல் ஒன்றில் விண்ணிலிருந்து வந்து விழுந்த நிலா எலி ஒன்று உண்டு. விண்வெளியைப் பற்றி வண்ணப் படம் வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அந்த எலியின் வாலை நீக்கி, மூக்கை நீட்டி, ஒரு குடும்பமாகப் பெருக்கிவிட்டனர். இளஞ்சிவப்புக் கம்பளி நூலால் ஜோன் பர்மின் பின்னிய உடல். உள்ளே வளையும் எலும்புக்கூடு. இவர்கள் குப்பைத்தொட்டி மூடி போன்ற இரும்பு மூடிகளால் மூடப்பட்ட குழிகளில் வாழ்பவர்கள். மூடி விழும்போது எழும் 'கிளாங்' என்னும் ஒலியே பெயராயிற்று. குழிக்குள் ஒரு பறவைநாகம் சூப்புக் காய்ச்சித் தருகிறது. மரத்தில் இசைக்குறிகள் காய்க்கின்றன. இரும்பினாலான கோழி ஒன்று அவ்வப்போது வந்து போகிறது.

தமிழாசிரியர்கள் உற்று நோக்கவேண்டிய பகுதி இதற்கு மேல்தான். கிளாங்கர்களுக்கு மொழி இல்லை. அல்லது நம் காதுக்கு மொழி இல்லை. அவர்கள் பேசுவது சீழ்க்கை. ஸ்வானி ஊதல் என்று ஒன்றுண்டு. குழலின் அடியில் உள்ள தண்டை இழுத்தும் தள்ளியும் ஊதினால் சுரம் வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். அதைக்கொண்டே எல்லாப் பேச்சும். ஆனால் வாய்க்கு வந்தபடி ஊதப்பட்டதன்று. போஸ்ட்கேட் முதலில் உரையாடல் முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதினார். பின்பு அவ்வாக்கியங்களின் ஏற்ற இறக்கம், நிறுத்தம், சினம், சலிப்பு ஆகியவற்றை ஊதலில் ஏற்றினார். ஒரு கதையில் கதவு ஒன்று சிக்கிக்கொள்ள, மூத்த கிளாங்கர் எரிச்சலுற்றுக் குழந்தைகள் முன் சொல்லத்தகாத சொல்லைச் சொல்லி ஏசுவதாக எழுதியிருந்தார். ஏட்டைப் படித்த பி.பி.சி. அதிகாரிகள் திடுக்கிட்டனர். இது பேசப்படுவதன்று, ஊதப்படுவது என்று போஸ்ட்கேட் விளக்கினார். ஆனாலும் மக்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அவர்கள் அஞ்சினர். அஞ்சியதில் நியாயம் இருக்கிறது; தெரிந்துதான் விடும்!

எவ்வளவு தெரியும் என்பதைப் போஸ்ட்கேட்டே சோதித்துப் பார்த்திருக்கிறார். 1984ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஐரோப்பிய ஒளிபரப்பாளர் கூட்டம் ஒன்றில், கதை கூறும் குரலை நீக்கிவிட்டு ஊதல் ஒலியோடு மட்டும் ஒரு படத்தைக் காட்டினார். உங்களுக்கு இவர்கள் பேச்சு விளங்கிற்றா என்று கேட்டார். விளங்காமல் என்ன, நல்ல ஜெர்மன் மொழியில்தானே பேசுகிறார்கள் என்று விடை வந்ததாம். எழுத்தும் சொல்லும் கற்பிப்பதற்கு நாம் எத்தனையோ முறைகளைக் கையாளுகின்றோம். ஆனால் குழந்தை முதலில் கற்பது சொல்லையன்று, சொல்லின் ஓசை நடையை. தொட்டிலில் கிடக்கும் மகவு தாலாட்டின் பொருளை அறியாது. அம்மாவின் குரல் கனிவா கடுப்பா என்பதை அறியும். வினாவை வினாவாகவும் வியப்பை வியப்பாகவும் படிக்கத் தெரியாமல், எல்லா வாக்கியத்தையும் ஒரே சுரத்தில் ஒப்பிக்கும் மாணவரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். 'வந்தான்', 'வந்தானா', 'வந்தானே' மூன்றையும் சொல்லின்றி ஒரு சீழ்க்கையால் வேறுபடுத்திக் காட்டச் சொன்னால் எந்த வகுப்பும் விழித்தெழும். செய்து பார்க்கலாம்.

கிளாங்கர்கள் 1972ஆம் ஆண்டு வரை வந்தனர். 1974ஆம் ஆண்டு பொதுத்தேர்தல் நாளன்று தேர்தலைப் பற்றியே ஒரு தனிப் படமும் வந்தது. ஆனால் நிலையத்தின் புகழுக்கெல்லாம் முடியாக நின்றது அதே 1974ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தொடங்கிய 'பேக்பஸ்'. பேக்பஸ் ஒரு துணிப்பூனை. மங்கிய இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த வரிகள். அந்நிறம் திட்டமிட்டதன்று, செம்மஞ்சள் வரிப் பூனைதான் வேண்டியிருந்தது. துணிக்குச் சாயமேற்றியதில் நேர்ந்த பிழையால் இளஞ்சிவப்பாய் வந்தது, அதையே வைத்துக்கொண்டனர்.

எமிலி என்னும் சிறுமிக்கு ஒரு கடை இருக்கிறது. அக்கடையில் எதுவும் விற்பதில்லை. யாரோ தொலைத்த, உடைந்த பொருள்களை அவள் கொண்டுவந்து பூனையின் முன் வைப்பாள். பூனை விழிக்கும், பூனை விழித்ததும் கடையிலுள்ள மற்ற பொம்மைகளும் விழிக்கும். கந்தல் பொம்மை ஒன்று, பாடும் தவளை ஒன்று, புத்தகத்தாங்கியில் செதுக்கிய மரங்கொத்திப் பேராசிரியர் ஒருவர், எலிகள் சில. கொண்டுவந்த பொருள் யாது என்று ஆராய்ந்து, ஒரு கதை சொல்லி, ஒரு பாட்டுப் பாடி, எலிகள் அதனைப் பழுதுபார்த்துத் துடைத்துச் சன்னலில் வைக்கும், உரியவர் வழியே போகும்போது கண்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று. பிறகு பூனை கொட்டாவி விடும்; எல்லாம் மீண்டும் வெறும் பொம்மைகளாகும். எமிலியாகத் தோன்றியது பர்மினின் மகளே. எல்லாம் அறிந்த மரங்கொத்திப் பேராசிரியரின் நடையுடை பேச்செல்லாம் மெய்ஞ்ஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைப் பார்த்து அமைந்தவை என்பர்.

ஒரு கதையில், எலிகள் ஓர் ஆலையைச் சுழற்றி, ரொட்டித்தூளையும் அவரைக்கொட்டையையும் போட்டால் சாக்லெட் பிஸ்கட் வருகிறது என்று காட்டுகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக பிஸ்கட் உருண்டு வருகிறது. பேராசிரியர் மட்டும் நம்பவில்லை. ஆலையின் பின்புறம் சென்று பார்க்கிறார்; இருந்தது ஒரே பிஸ்கட், அதையே எலிகள் பின்வழியாகத் தூக்கிச் சென்று மீண்டும் மீண்டும் முன்னே விட்டுக்கொண்டிருந்தன! சிரிப்பிற்குச் சிரிப்பு. அதே வேளையில், கண்ணால் கண்டதையும் பின்புறம் சென்று பார் என்று ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல முடியும்?

எடுத்தவை மொத்தம் 13 படங்களே. அவையே ஆண்டுகள் பலவாக மீண்டும் மீண்டும் காட்டப்பட்டன. 1999ஆம் ஆண்டு பி.பி.சி. நடத்திய வாக்கெடுப்பில் குழந்தை நிகழ்ச்சிகளுள் முதலிடம் பேக்பஸ்ஸுக்கே கிடைத்தது. நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளிய தொடர்கள் எத்தனையோ இருக்க, 13 முதலிடம் பெற்றது.

அக்காலத்தில் வேலை எப்படி நடந்தது என்பதைப் போஸ்ட்கேட் பின்னாளில் ஏக்கத்தோடு நினைவுகூர்ந்தார். ஆண்டுக்கொருமுறை பி.பி.சி.க்குச் செல்வார்கள், எடுத்ததைக் காட்டுவார்கள், அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள், இவர்கள் சொல்வார்கள், கொஞ்சம் முன்பணமும் பாராட்டும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குறுக்கீடு என்பது அரிது. 1980களில் அந்நிலை மாறிற்று. எத்தனை பேர் பார்த்தனர் என்னும் கணக்கே அளவுகோலாயிற்று. குழந்தையின் கவனத்தைக் கொக்கி போட்டு இழுக்கவேண்டும், இல்லையேல் அது வேறு நிகழ்ச்சிக்குத் தாவிவிடும் என்று கூறப்பட்டது. மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடியும் கதைகளுக்கு இடமில்லாமற் போயிற்று. 1986ஆம் ஆண்டு வந்த ஒரு சிறு தொடருக்குப்பின் கொட்டிலில் வேலை ஓய்ந்தது. குழந்தைகள் மாறிவிட்டனர் என்று சொல்லப்பட்டதைப் போஸ்ட்கேட் கடைசிவரை ஒப்பவில்லை. மாறியது வாங்குபவர்களின் கணக்கு என்பதே அவர் வாதம். அவர் பக்கம் முழு நியாயமும் இருக்கிறதா என்று கேட்கலாம். வண்ணத்திலும் வேகத்திலும் வளர்ந்த குழந்தை கதைக்குக் காத்திருக்கப் பழகவேண்டியிருக்கிறது என்பதை ஆசிரியர்கள் அனுபவத்தில் அறிவர். ஆனால் பழக்கினால் பழகுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கெண்ட் பல்கலைக்கழகம் 1987ஆம் ஆண்டு போஸ்ட்கேட்டுக்கு மதிப்புறு பட்டம் வழங்கிற்று. உண்மையில் இது பூனைக்கு வழங்கப்பட்டது என்றார் அவர். பூனையும் பட்டமேலாடை அணிந்து காட்சியளித்தது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் போஸ்ட்கேட்டும், 2018ஆம் ஆண்டு ஜூலையில் பர்மினும் மறைந்தனர். இடையே 2015ஆம் ஆண்டு கிளாங்கர்கள் புதிய தொடராகத் திரும்பி வந்தனர். கணிப்பொறியாலேயே முழுதும் செய்துவிடக்கூடிய காலம், செலவும் குறைந்திருக்கும். எனினும் பின்னிய பொம்மைகளையே செய்து, பழைய முறைப்படியே நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்தனர். போஸ்ட்கேட்டின் மகன் டேனியல் கதை எழுதுவோருள் ஒருவராயிருந்தார். கதை கூறும் குரல் மைக்கேல் பாலின் என்னும் நடிகருடையது. கிளாங்கர்களுக்கோ இம்முறையும் பேச்சு வரவில்லை, ஊதலேதான். பழைய துணிப்பூனை கான்டர்பரி நகர அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இடம்பெற்றது.